‘இயல்பு நிலை திரும்பியது’ என்ற வரிக்குப் பிறகு

ஊரில் இரு தரப்புக்கு இடையே மோதல் மூண்டால் நாளிதழ்களில் அந்தச் செய்தி நான்கைந்து நாட்கள் ஓடும். முதல் நாள் கல்வீச்சு, மறுநாள் போலீஸ் குவிப்பு, அதற்கடுத்த நாள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, இரு தரப்பினரும் கையெழுத்திட்டதாக ஒரு வரி, கடைசியில் ‘இதையடுத்து அப்பகுதியில் இயல்பு நிலை திரும்பியது’ என்று இன்னொரு வரி. செய்தி அதோடு நின்றுவிடும். அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்கும் கல்வித்துறை ஒன்று உண்டு. திரும்பியதாகச் சொல்லப்படும் இயல்பு நிலை எது, அது யாருக்கு இயல்பாக இருந்தது, மோதலைப் பெற்றெடுத்ததே அந்த இயல்பு நிலைதான் என்றால் அதற்குத் திரும்பிப் போவதை அமைதி என்று சொல்லலாமா, கையெழுத்திட்ட இரு தரப்பும் அடுத்த தேர்தலில் எப்படி நடந்துகொண்டன, தோற்றவர் தோல்வியை ஏற்றாரா என்று பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே அத்துறையில் ஒருவரின் வாழ்நாள் பணி. மோதலுக்குப் பிந்தைய ஜனநாயகமும் அமைதியைக் கட்டியெழுப்புதலும் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பிக்கும் எனக்கு, இத்துறையில் முனைவர் பட்டம் செய்ய விரும்பும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது வாய்த்துவிடுகிறார். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ பிறந்து வளர்ந்து, வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் இவர்கள். போர், உடன்படிக்கை, ஐ.நா. என்பதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பவை என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு நான் தொடங்கும் இடம் புளியந்தோப்பு.

பின்னி மில் என்று நம் பக்கத்தில் அழைக்கப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கம் இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. மூன்றே ஆண்டுகளில், 1921 ஜூன் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது, சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கத்துக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் புளியந்தோப்புத் தெருக்களில் எதிரெதிரே நின்றார்கள். குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. அன்றைய அரசுக் குறிப்புகளின் கணக்கில் அத்துடன் இயல்பு நிலை திரும்பிவிட்டது. ஆனால் அந்தப் பிளவு ஆலையை விட்டுச் சட்டமன்றத்துக்குக் குடிபெயர்ந்தது. 1920 தேர்தலில் வென்று ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்களுக்கும் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜாவுக்கும் இடையே கசப்பு முற்றி, 1923-இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். மாகாணத்தின் முதல் நேரடித் தேர்தலும் அதன் பெரும் தொழிலாளர் மோதலும் ஓராண்டு இடைவெளியில் நடந்ததும், மோதலின் காயம் கட்சி அரசியலின் வடிவத்தையே மாற்றியதும் இந்தத் துறையின் மையக் கேள்வியை நம் தெருவிலேயே எழுப்புகின்றன. ஐ.ஐ.டி.யில் வரலாறு கற்பித்தவரும் பார்வையற்றவருமான தே. வீரராகவன், சென்னைத் தொழிலாளர் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதுவதில் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார்; அந்த ஆய்வு ஆங்கில நூலாக வெளிவந்தது அவர் மறைவுக்குப் பிறகு, 2013-இல். மோதல் நடந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மோதலைப் பற்றிய அறிவு அவ்வளவு மெதுவாகத்தான் சேருகிறது என்பதை மாணவர்கள் முதலாண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இத்துறைக்கு இன்று இருக்கும் கருத்துச் சட்டகத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் நார்வே நாட்டு அறிஞர் யோகான் கால்துங். 1959-இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1964-இல் அதற்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கிய அவர், சண்டை இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், சண்டைக்கான காரணங்கள் நீங்கி நீதி நிலைபெறுவதை நேர்மறை அமைதி என்றும் பிரித்தார். 1969-இல் அவர் முன்வைத்த கட்டமைப்பு வன்முறை என்ற கருத்து இன்னும் ஆழமானது. யாரும் யாரையும் அடிக்காமலேயே ஒரு பகுதி மக்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளைவிடக் குறைந்துகொண்டிருந்தால், அந்தச் சமூக அமைப்பே வன்முறை செய்கிறது என்று பொருள். எண்ணூரின் சாம்பலையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையையும் சுவாசித்து வளர்ந்த ஒரு மாணவருக்கு இதை விளக்க நான் ஒருபோதும் சிரமப்பட்டதில்லை. கோட்பாட்டு நூல்களில் நாலு பக்கம் எடுத்துக்கொள்ளும் கருத்து அவர்களுக்கு நாலு வரியில் புரிந்துவிடுகிறது.

தமிழில் இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். அமைதி என்ற சொல்லின் வேர் அமை என்ற வினை. அமைத்தல், அமைப்பு, அமைதி மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. சத்தம் இல்லாதிருப்பது மட்டும் அமைதி ஆகாது, பொருந்த அமைக்கப்பட்டிருப்பதே அமைதி என்ற பொருள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் அந்தச் சொல்லை வகுப்பறையில் ‘அமைதியாக இரு’ என்று அதட்டுவதற்கே பயன்படுத்திப் பழகிவிட்டோம்.

பனிப்போர் முடிந்த கையோடு, 1992-இல், ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் பூத்ரோஸ் காலி வெளியிட்ட அறிக்கை, மோதலுக்குப் பின் அமைதியைக் கட்டியெழுப்புவதை ஐ.நா.வின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. போர்நிறுத்தம், உடனே ஒரு தேர்தல், அரசியலமைப்பு, சந்தைப் பொருளாதாரம் என்ற வரிசை உலகெங்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. அதன் விளைவை அறிய ஆப்பிரிக்காவின் இரு நாடுகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். இரண்டும் போர்ச்சுகலின் ஆட்சியிலிருந்து 1975-இல் விடுபட்டவை. இரண்டிலும் விடுதலைக்குப் பின் உள்நாட்டுப் போர். அங்கோலாவில் சில நூறு ஐ.நா. பார்வையாளர்கள் மட்டுமே இருக்க, படைகள் முழுமையாகக் கலைக்கப்படாமலேயே 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் பின்தங்கிய கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி முடிவை ஏற்க மறுத்து மீண்டும் போருக்குப் போனார். 2002-இல் அவர் கொல்லப்படும் வரை அந்தப் போர் ஓயவில்லை. மொசாம்பிக்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் இருந்தார்கள், போராளிகளின் ஆயுதங்களைக் களைந்து, அவர்களை ஊருக்கு அனுப்பிய பிறகே 1994 அக்டோபரில் தேர்தல் வைத்தார்கள். அரசை எதிர்த்துப் போரிட்டிருந்த ரெனாமோ இயக்கம் தோற்றது. தோல்வியை ஏற்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது.

தேர்தலுக்கு முன் நிறுவனங்கள் வலுப்பெற வேண்டும் என்று 2004-இல் அரசியல் அறிஞர் ரோலண்ட் பாரிஸ் வாதிட்டதும் இப்படிப்பட்ட ஒப்பீடுகளின் அடிப்படையில்தான். போரிட்ட தரப்பு ஆயுதத்தைக் கீழே வைத்த கணத்தில் எதிரியின் வாக்குறுதியைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லாமல் நிற்கிறது. அந்த அச்சத்தைப் போக்க மூன்றாவது தரப்பின் உறுதி தேவைப்படுகிறது என்று பார்பரா வால்டர் விளக்கியதும் இதே காலத்தின் சிந்தனை. பாடப்புத்தகங்கள் இங்கே நின்றுவிடுகின்றன. அதுதான் என் மனக்குறை. மொசாம்பிக்கை வெற்றிக் கதையாக எழுதிய அறிஞர்கள் பலர் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். 2013-இல் ரெனாமோ மீண்டும் காட்டுக்குள் போய் ஆயுதம் எடுத்தது. 2019 ஆகஸ்ட்டில் இன்னோர் உடன்படிக்கை தேவைப்பட்டது. முதல் தேர்தலுக்கும் இரண்டாம் சண்டைக்கும் இடையே கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை, அங்கேயே மறுபடி மறுபடி போய் வந்தவர்களால்தான் சொல்ல முடிந்தது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே மோதல் நடந்த வட அயர்லாந்தும் அப்படித்தான். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெருவெள்ளி உடன்படிக்கைக்கு வாக்கெடுப்பில் 71 சதவீதத்தினர் ஆதரவு தந்தனர். ஆனால் அதன் வழி உருவான அதிகாரப் பகிர்வு ஆட்சி 2002 முதல் 2007 வரையிலும், 2017 முதல் 2020 வரையிலும், 2022 முதல் 2024 வரையிலும் முடங்கிக் கிடந்தது. பெல்பாஸ்டில் கத்தோலிக்கர் தெருவையும் புராட்டஸ்டண்டுகள் தெருவையும் பிரிக்கும் சுவர்களில் பல இன்னும் நிற்கின்றன.

இலங்கைக்கு வந்தால் இந்தத் துறை நமக்குப் பாடமாக மட்டும் இருப்பதில்லை. யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டதையும் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததையும் தமிழர் எல்லோரும் அறிவர். அது ஒரு தேர்தல் வாரத்தில் நடந்தது என்பது பலருக்கு நினைவில்லை. அதிகாரத்தைப் பரவலாக்கி இனப்பிணக்கைத் தணிக்கும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்ட மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு ஜூன் 4 அன்று வாக்குப்பதிவு. அந்தச் சபைகளை உருவாக்கும் முயற்சியில் பங்கெடுத்தவர், அன்றைய அதிபர் ஜெயவர்தனேவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே நின்று பேசியவர், அரசியல் அறிவியல் பேராசிரியர் அ. ஜெயரத்தினம் வில்சன். ஈழத்தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மருமகன், கனடாவில் பேராசிரியர். நிறுவனம் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தால் மோதல் தணியும் என்று நம்பிய ஓர் அறிஞர், அந்த நிறுவனத்தின் முதல் தேர்தலே தீயில் முடிந்ததைக் கண்டார். பின்னர், 1988-இல், நாடு உடைந்ததன் கதையை அவரே நூலாக எழுதினார். ஆலோசகராக இருந்ததற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்ல. அருகில் போகாமல் அவரால் அந்த நூலை எழுதியிருக்க முடியாது.

ஸ்டான்லி ஜெயராஜா தம்பையாவின் வாழ்க்கை வேறொரு வழியைக் காட்டுகிறது. 1956-இல் மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது அவர் கண்ணெதிரே இனக்கலவரம் வெடித்தது. அதன்பின் அவர் தாய்லாந்தின் பௌத்தத்தை ஆராயப் போய்விட்டார். உலகின் தலைசிறந்த மானுடவியலாளர்களில் ஒருவராக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1983 ஜூலைப் படுகொலை அவரைத் திருப்பி இழுத்தது. 1986-இல் அவர் இலங்கையின் இனக்கொலையையும் ஜனநாயகம் சிதைந்ததையும் சேர்த்து எழுதினார். பத்தாண்டு கழித்துத் தெற்காசியக் கலவரக் கும்பல்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். பல ஆண்டு விலகியிருந்தது அவருக்கு ஒரு பார்வையைத் தந்தது. விலகாமல் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவரும், எல்லாத் தரப்பின் மீறல்களையும் ஆவணப்படுத்தியவர்களில் ஒருவருமான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியலமைப்புத் தீர்வு வரைவில் பங்கெடுத்த சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் உயிரிழந்தார். இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லாமல் ஆராய்ச்சி முறையியலை மட்டும் கற்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்டொன்றுக்கு 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அதை ஆயுத மோதல் என்று உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டம் கணக்கில் கொள்கிறது. ஒப்பீட்டுக்கு அப்படி ஒரு வரம்பு தேவைதான். அந்தக் கணக்கின்படி 2009 மே மாதத்துக்குப் பின் இலங்கையில் மோதல் இல்லை. 2013 செப்டம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது; 38 இடங்களில் 30-ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 2018 அக்டோபரில் அந்தச் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. இடையில், 2017 தொடக்கத்திலிருந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் திரும்பி வராத தங்கள் பிள்ளைகளின் படங்களோடு சாலையோரக் கொட்டகைகளில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை சொல்வதும் கொட்டகை சொல்வதும் ஒரே நாட்டைப் பற்றித்தான். இரண்டையும் ஒரே ஆய்வேட்டுக்குள் கொண்டுவருவதே இத்துறையில் பயில வருபவரின் கடினமான வேலை.

அந்த வேலையில் தமிழ் தெரிந்தவருக்கு இருக்கும் அனுகூலம் பெரிது. இந்தத் துறையின் கலைச்சொற்களில் பல ஈழத்தமிழில்தான் முதலில் உயிர்பெற்றன. நிலைமாறுகால நீதி, நல்லிணக்கம், மீள்குடியேற்றம், அதிகாரப் பகிர்வு ஆகிய சொற்கள் அங்கே சாலையோரப் பதாகைகளில் எழுதப்பட்டவை, பேருந்தில் பேசப்பட்டவை. அவற்றிலும் ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பக் கரும்பலகையில் எழுதுகிறேன். இலங்கை அரசு 2016 சட்டத்தின் மூலம் உருவாக்கிய அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. அந்தத் தாய்மார்கள் தங்கள் பதாகையில் எழுதுவது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று. போதல் தன்வினை, அதற்கு வேறு எழுவாய் வேண்டியதில்லை. ஆக்கப்படுதலுக்குப் பின்னால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். பொறுப்புக்கூறல் பற்றிய ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாத் தீர்மானங்கள் அத்தனையிலும் விவாதிக்கப்படும் சிக்கல் இந்த ஒரு வினை வேறுபாட்டில் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நேர்காணல் எடுக்கும் அயல்நாட்டு ஆய்வாளருக்கு இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாக வந்து சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதுகலையில் அரசியல் அறிவியல், பன்னாட்டு உறவுகள், பாதுகாப்பு ஆய்வுகள், வரலாறு, மானுடவியல், சட்டம் எதைப் படித்தவரும் இத்துறைக்குள் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வி. சூரியநாராயண் தொடங்கி வளர்த்த தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் இலங்கை, அகதிகள், கச்சத்தீவு, மீனவர் சிக்கல் ஆகியவற்றை ஆராயும் மரபு ஒன்றை இங்கேயே உருவாக்கியது. டில்லியில் ஜாமியா மில்லியாவில் நெல்சன் மண்டேலா பெயரில் அமைதி, மோதல் தீர்வு மையம் இருக்கிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது கிடைக்காதவர்களில் பலருக்குக் குடும்பத்தின் பொறுமைதான் நிதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன, முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் என்று வரம்பு வைத்தன. ஆறாண்டுக்குள் ஆய்வேடு கொடுத்துவிட வேண்டும் என்ற நெருக்கடியும், முப்பதாண்டு பார்த்தால்தான் தெரியும் பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. இதற்கு என்னால் தரக்கூடிய ஒரே ஆலோசனை, போய்த் திரும்பி மறுபடி போகக்கூடிய தொலைவில் களத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான்.

அப்படிப்பட்ட களங்கள் வடசென்னையைச் சுற்றியே இருக்கின்றன. 1970-களின் பிற்பகுதியில் சென்னைக் கடற்கரையில் கட்டுமர மீனவர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இடையே மூண்ட மோதல்கள் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்றது சட்டம். கையெழுத்தான ஒரு சமாதானம் நாற்பது ஆண்டுகளில் காசிமேட்டில் என்ன ஆயிற்று என்பது முழு ஆய்வேட்டுக்கான பொருள். விசைப்படகுகள் கடலடியை வாரும் இதே இழுவை மடிப் பிரச்சினை பாக் நீரிணையில், போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடுக்கப்பட்டு 2009-க்குப் பின் மீண்டும் கடலுக்கு வந்த வடக்கிலங்கை மீனவரின் வாழ்வாதாரத்தோடு மோதுகிறது. இரண்டு கரையிலும் பேசுவது தமிழ். பர்மா பஜாரில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் குடும்பங்களின் கதை, 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு விரட்டப்பட்டு வந்தவர்களின் கதை. அதையும் இந்தத் துறையின் கண்ணோடு படிக்கலாம்.

புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அரசின் அனுமதி பெற்றுத்தான் ஆய்வாளர் உள்ளே போக முடியும். அந்தக் கடிதத்துக்கே மாதங்கள் ஆகலாம். என் மாணவி ஒருவர், புளியந்தோப்புக்காரர், அங்கே ஒரு மூதாட்டியைச் சந்திக்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். மன்னாரிலிருந்து 1990-இல் படகில் வந்தவர். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து பாலித்தீன் உறையை எடுத்தார். மன்னாரில் பதிந்த பிறப்புச் சான்று, முகாம் அட்டை, பேரனின் மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றாகப் பாயில் அடுக்கினார். பேரன் இங்கே பிறந்தவர், பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவரின் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் தந்த சலுகைப் பட்டியலிலும் இலங்கை இல்லை. முப்பது வயதை நெருங்கும் அந்த இளைஞரின் விரல்களில் பெயிண்ட் கறை இருந்தது. வாக்குச்சாவடி மை எந்தத் தேர்தலிலும், எந்த நாட்டிலும் அவர் விரலில் பட்டதில்லை.

முதல் நாள் மூதாட்டி ஆவணங்களைக் காட்டியதோடு சரி. “எழுதிப்போட்டு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டார். மாணவி விடை சொல்லத் தெரியாமல் நின்றார்; நானும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து இரண்டாம் முறை போனபோது தேநீர் கிடைத்தது. அடுத்த ஆண்டு மூன்றாம் முறை மாணவி தனியாகப் போனார். பேரனின் விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தார். அதன் பிறகு மூதாட்டி தாமாகவே டின்னின் அடியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தாராம். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி. மாணவி வினாத்தாளைப் புரட்டி, குடும்பத்தில் காணாமல் போனோர் என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் பெயரை எழுதத் தொடங்கியபோது அவர் குனிந்து அந்த எழுத்துகளைப் படித்தார்.

“இவன் காணாமல் போகேல்லை, பிள்ளை. வந்து கொண்டு போனவங்கள்.”

மாணவி அந்தத் தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘ஆக்கப்பட்டோர்’ என்று எழுதினார். அடுத்த வாரம் என் அறைக்கு வந்து, அதற்கு முன் எடுத்திருந்த நேர்காணல் தாள்கள் அனைத்தையும் மேசையில் வைத்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஒவ்வொருவரையும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.